காதுக்குள் பொருந்தாத கருவியும் கணனியில் விழும் வெட்டும்

வயதான அம்மா, அப்பாவுக்கு நாம் கேட்கும் கருவி எடுத்துக் கொடுக்கிறோம். சில கிழமைகளில் அது லாச்சிக்குள் போய்விடுகிறது. "குத்துது", "கூவுது", "என்ர குரல் குடத்துக்குள்ள கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்கிறார்கள். இந்த மூன்று குறைகளும் பெரும்பாலும் திருத்தக்கூடியவை. காதுக்குள் பொருந்தும் கருவியின் கோது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது விளங்கும்.

காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளமானது. நேராக இல்லாமல் வளைந்து செல்வது. அதன் உட்பகுதியில் மெல்லிய தோலுக்குக் கீழே உடனே எலும்பு இருப்பதால், சிறிது அழுத்தினாலும் வலிக்கும்.

முதலில் சிலிக்கோன் பசையைக் காதுக்குள் விட்டு அச்சு எடுப்பார்கள். அதை ஸ்கேன் செய்தால் கணனித் திரையில் முப்பரிமாண உருவமாகத் தெரியும். தொழில்நுட்பவியலாளர் அதன் உள்முனையை வெட்டி நீளத்தைத் தீர்மானிப்பார். வெளிப்பக்கத்தை வெட்டி மூடித்தகட்டுக்கு இடம் செய்வார். காற்று போக ஒரு துளையும் வைப்பார். பின்னர் கோது பிசினில் அச்சிடப்படும்.

வளைந்த உருவத்தில் வெட்டுவதுதான் நுட்பமான வேலை. வெண்டிக்காயைச் சரிவாக நறுக்கினால் வெட்டுமுகம் நீண்டு, ஒரு பக்கம் கூராகும் அல்லவா? இங்கும் அப்படித்தான். வெட்டின் சாய்வு சற்றுப் பிசகினாலும் ஒரு விளிம்பு நீண்டு தோலில் முட்டும்.

இனிக் குறைகளைப் பார்ப்போம்.

குத்துகிறது: முனை நீளமாகவோ விளிம்பு கூராகவோ இருக்கலாம். பல வேளைகளில் நிலையத்திலேயே தேய்த்துச் சரிசெய்வார்கள்.

கூவுகிறது: கோது தளர்வாக இருந்தால் சத்தம் வெளியே கசிந்து மைக்குக்குத் திரும்பும். புதிய அச்சு தேவைப்படலாம். காதுக்குடுமியும் காரணமாகலாம்.

குரல் முழங்குகிறது: காற்றுத் துளை சிறிதாக இருக்கலாம். அதைப் பெரிதாக்கலாம், அளவு மீறினால் கூவத் தொடங்கும்.

ஆகவே "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடத்தில் நோகிறது, சாப்பிடும்போதா, கதைக்கும்போதா என்று வீட்டில் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டு நாமும் கூடப் போகவேண்டும். பொய்ப்பல் கட்டுபவர்கள் அதைப் போட்டபடியே அச்சு எடுக்கட்டும். வாயசைவில் காதுக்குழாயின் வடிவம் மாறும். இலவசமாக மாற்றித்தரும் காலம் எவ்வளவு என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். வீட்டில் அரம் போட்டுத் தேய்க்கவேண்டாம். இரத்தமோ சீழோ வந்தால் கருவியைக் கழற்றிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேளாமை, தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணிகளுள் ஒன்று என்று லான்செட் ஆணைக்குழு 2024இலும் குறிப்பிட்டது. பேரப்பிள்ளைகளின் கதை கேட்காமல் மூலையில் ஒதுங்கியிருக்கும் பெரியவருக்கு, ஒரு மில்லிமீற்றர் திருத்தம் போதுமானதாக இருக்கலாம். லாச்சியை இன்றே திறந்து பாருங்கள்.