குற்ற ஒப்புதல் பேரம்

குற்ற ஒப்புதல் பேரம் (பிளீ பார்கெயினிங்) என்பது குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் முழு விசாரணைக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகக் குறைந்த தண்டனை பெறும் நடைமுறை ஆகும். இந்தியாவில் இது 2006 சூலை 5 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 21-அ அத்தியாயமாகச் சேர்க்கப்பட்ட இது, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் இடம்பெறுகிறது.

பின்னணி

இந்திய உச்ச நீதிமன்றம் தொடக்கத்தில் இம்முறையை ஏற்கவில்லை. 1980-இல் குசராத்தைச் சேர்ந்த ஓர் உணவுக் கலப்பட வழக்கில், நிரபராதியும் நீண்ட விசாரணைக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தூண்டப்படலாம் என்று அது கண்டித்தது. மறுபுறம், தேங்கிய வழக்குகளையும் சிறையில் காத்திருக்கும் விசாரணைக் கைதிகளையும் கருதி, சட்ட ஆணையம் 1991-இல் அளித்த 142-ஆவது அறிக்கையில் இம்முறையைப் பரிந்துரைத்தது. 2003-இல் மளிமத் குழுவும் இதை ஆதரித்தது.

எந்த வழக்குகளுக்குப் பொருந்தும்?

ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றங்களுக்கும், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிக்கும் குற்றங்களுக்கும் இவ்வழி இல்லை. அதே குற்றத்திற்காக முன்பே தண்டிக்கப்பட்டவரும் விண்ணப்பிக்க முடியாது.

நடைமுறை

குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குற்றம் சாட்டப்பட்டவரே விண்ணப்பிக்க வேண்டும். தண்டனையின் அளவை அறிந்து, தன் விருப்பத்தின்பேரில் விண்ணப்பிப்பதாகப் பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். பிறகு நீதிபதி அவரை மூடிய அறையில், எதிர்த்தரப்பு இல்லாமல் விசாரிப்பார். யாரேனும் மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்பதை அறிவதே இதன் நோக்கம். விருப்பத்துடன் அளித்த விண்ணப்பம் அல்ல என்று தெரிந்தால், வழக்கு வழக்கமான விசாரணைக்குத் திரும்பும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் உடன்பாடு காண அதிகபட்சம் 60 நாட்கள் தரப்படும். காவல்துறை தொடர்ந்த வழக்கில் அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர் ஆகியோர் பேச்சில் கலந்துகொள்வர். பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் இதில் முடிவாகும். உடன்பாடு ஏற்படாவிட்டால், விண்ணப்பத்தில் சொன்ன எதையும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

தண்டனைக் கணக்கு

அமெரிக்காவில் குற்றச்சாட்டையே குறைத்துக்கொள்ளும் பேரமும் வழக்கில் உண்டு. இந்தியச் சட்டமோ தண்டனைக் குறைப்பின் அளவை வரையறுத்துள்ளது. குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்களில் அதில் பாதியும், முதல்முறைக் குற்றவாளிக்குக் கால் பங்கும் விதிக்கலாம். குறைந்தபட்சம் இல்லாதவற்றில் சட்டம் கூறும் தண்டனையில் கால் பங்கும், முதல்முறையாயின் ஆறில் ஒரு பங்கும் விதிக்கலாம். நன்னடத்தையின்பேரில் விடுவிக்கவும் சில வழக்குகளில் இடமுண்டு.

எடுத்துக்காட்டாக, சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். முதல்முறைக் குற்றவாளிக்கு அதில் ஆறில் ஒரு பங்கு ஆறு மாதம். விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்த காலம் தண்டனையில் கழிக்கப்படும். ஆகவே பிணை கிடைக்காமல் ஏற்கனவே ஆறு மாதம் உள்ளே இருந்தவர், ஒப்புக்கொண்ட உடனே வெளியே வந்துவிடலாம்.

விமர்சனம்

இம்முறையின் பயனும் ஆபத்தும் இந்தக் கணக்கில்தான் உள்ளன. குற்றம் செய்தவருக்கு இது விரைவான முடிவு. பாதிக்கப்பட்டவருக்கும் இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்கும். ஆனால் பிணைத்தொகை கட்ட வழியில்லாத நிரபராதிக்கு, "இல்லை" என்று சொன்னால் சிறை, "ஆம்" என்று சொன்னால் வீடு என்ற நிலை உருவாகிறது. யாரும் மிரட்டாமலே அவர் விண்ணப்பத்தில் கையெழுத்திடக்கூடும். மூடிய அறை விசாரணையில் இந்த நெருக்கடியைக் கண்டறிவது எளிதன்று.

வீடு திரும்புவதோடு விளைவுகள் முடிவதில்லை. இரு தரப்பும் சட்டப்படி சமரசம் செய்துகொள்ளும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றவராகிறார். ஒப்புதல் பேரத்திலோ அவர் தண்டனை பெற்ற குற்றவாளி என்றே பதிவாகும். அது அரசு வேலை வாய்ப்பைப் பாதிக்கலாம். இத்தீர்ப்பை எதிர்த்து வழக்கமான மேல்முறையீடும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவோ, உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226, 227-ஆவது உறுப்புகளின்கீழ் மனுவோ மட்டுமே தாக்கல் செய்யலாம்.

எனவே விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரின் ஆலோசனை இன்றியமையாதது. வசதியற்றவர்களும் காவலில் உள்ளவர்களும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம்.