வானொலிக் கட்டுப்பாட்டுப் பந்தயப் பக்கி: சீரமைப்பும் பராமரிப்பும்

வானொலிக் கட்டுப்பாட்டுப் பந்தயப் பக்கி என்பது கையில் வைத்திருக்கும் ரிமோட் மூலம் தொலைவிலிருந்து ஓட்டப்படும், மண் தடத்தில் பந்தயம் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட சிறிய வகை வண்டி ஆகும். கடைகளில் கிடைக்கும் விளையாட்டுப் பொம்மைக் கார்களிலிருந்து இது வேறுபட்டது. இதன் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றலாம், மாற்றலாம், அளவு திருத்தலாம். சுருள்வில்லின் வலிமை, எண்ணெயின் அடர்த்தி, சக்கரத்தின் சாய்வு, பற்சக்கரங்களின் விகிதம் ஆகிய அனைத்தும் ஓட்டுநரின் கையில் உள்ளன. இந்த அளவுகளைத் தடத்திற்கு ஏற்ப மாற்றுவது சீரமைப்பு எனப்படும். பாகங்களைத் தூய்மையாகவும் தேய்மானம் இன்றியும் வைத்திருப்பது பராமரிப்பு எனப்படும்.

இக்கட்டுரை பரவலாகப் பயன்படும் 1/10 அளவு, பின்சக்கர இயக்கம் கொண்ட, மின்கலத்தில் ஓடும் பக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டையும் விளக்குகிறது.

வரலாறு

ஜப்பானின் தமியா நிறுவனம் 1979ஆம் ஆண்டில் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் ஆகிய மண் தட பக்கிகளை வெளியிட்டது. அவை மணற்பரப்பில் ஓடும் உண்மையான பக்கி வண்டிகளைப் போல உருவாக்கப்பட்டவை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்னும் வண்டியை வெளியிட்டது. அலுமினியச் சேஸிஸும், எண்ணெய் நிரப்பிய நீண்ட ஷாக்குகளும் கொண்ட இது பந்தயத்தையே நோக்கமாகக் கொண்டிருந்தது. மறு ஆண்டு, 1985இல், 1/10 அளவு மின் பக்கிகளுக்கான முதல் உலகப் போட்டி கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் நடைபெற்றது.

தொடக்க காலப் பக்கிகளில் மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் பொருத்தப்பட்டது. எடை பின்சக்கரங்களின் மேல் விழுந்ததால் தளர்ந்த மண்ணில் நல்ல பிடிமானம் கிடைத்தது. பின்னாளில் கம்பள விரிப்பு, செயற்கைப் புல், இறுகிய களிமண் போன்ற பிடிமானம் மிகுந்த தடங்கள் பெருகின. அதனால் மோட்டாரைப் பின் அச்சுக்கு முன்னால் வைக்கும் நடு மோட்டார் அமைப்பு வழக்கத்துக்கு வந்தது.

பராமரிப்பே முதற்படி

புதிதாக ஓட்டத் தொடங்குபவர்கள் செய்யும் பொதுவான தவறு, வண்டி சரியாக ஓடாதபோது உடனே புதிய சுருள்வில்லையோ விலை உயர்ந்த மோட்டாரையோ வாங்குவதாகும். பல நேரங்களில் குறை அமைப்பில் இருப்பதில்லை. வளைந்த ஒரு கம்பி, மண் புகுந்த ஒரு பேரிங், எண்ணெய் கசிந்த ஒரு ஷாக் ஆகியவற்றில் ஏதோ ஒன்றே காரணமாக இருக்கும். பழுதுள்ள வண்டியின் அளவுகளை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. பழுது அப்படியே இருக்க, சரியாக இருந்த அளவும் கெட்டுவிடும். ஆகவே சீரமைப்பைத் தொடங்கும் முன் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. தூசி நீக்கல்: ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் மென்மையான தூரிகையாலோ காற்றுப் பம்பாலோ மண்ணை நீக்க வேண்டும். நீரைப் பீய்ச்சிக் கழுவினால் மண் பேரிங்குகளுக்குள் புகும். மின் பாகங்களும் கெடும்.

2. கைகளின் அசைவு: ஷாக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் கையைத் தூக்கி விட வேண்டும். அது தன் எடையாலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் அதன் அச்சுக்கம்பி வளைந்திருக்கும் அல்லது துளையில் மண் சேர்ந்திருக்கும்.

3. பேரிங்: சக்கரத்தை விரலால் சுழற்றும்போது கரகரப்பு இருக்கக்கூடாது. கரகரத்தால் பேரிங்கின் மூடியை நீக்கி, கரைப்பானில் அலசி, நன்கு உலர்த்தி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட வேண்டும். அதன் பின்னும் கரகரப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும். இறுகிய பேரிங் மோட்டாரைச் சூடாக்கி, மின்கலத்தையும் விரைவில் தீர்க்கும்.

4. திருகுகள்: உலோகத்துக்குள் இறங்கும் திருகுகளுக்குக் கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையை இடலாம். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகளுக்கு இடக்கூடாது. அது பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும். முனை தேய்ந்த அறுகோணச் சாவியைப் பயன்படுத்தினால் திருகின் தலை கெட்டுவிடும். மலிவான பத்து சாவிகளைவிட நல்ல சாவி ஒன்று சிக்கனமானது.

ஷாக்கும் சுருள்வில்லும்

ஷாக் என்பது எண்ணெய் நிரம்பிய ஒரு சிறு உருளை. அதனுள் துளைகள் கொண்ட பிஸ்டன் மேலும் கீழும் நகரும். சுருள்வில் வண்டியைத் தாங்குகிறது. எண்ணெய் அந்தச் சுருள்வில்லின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் இல்லாத ஷாக் கொண்ட வண்டி, மேட்டில் ஏறி இறங்கிய பின்பும் பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். சக்கரம் தரையை விட்டு எழும் நேரமெல்லாம் பிடிமானம் இல்லாத நேரமாகும்.

1/10 அளவு பக்கிகளில் பொதுவாக 25 முதல் 40 வரையிலான எண் கொண்ட சிலிக்கான் எண்ணெய் பயன்படுகிறது. எண் கூடக் கூட எண்ணெய் கெட்டியாகும். வெயிலில் எண்ணெய் இளகும். ஆகவே காலையில் சரியாக ஓடிய வண்டி நண்பகலில் மிகுதியாகத் துள்ளினால், ஒரு படி கெட்டியான எண்ணெய் தேவைப்படலாம்.

எண்ணெய் மாற்றும்போது உருளையை நிரப்பி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழ்கள் முழுவதும் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் ஷாக் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக வேலை செய்யும். இடது, வலது ஷாக்குகளின் நீளம் சமமாக இருக்க வேண்டும்.

சுருள்வில்லைப் பொறுத்தவரை ஒரு பொது விதி உண்டு. எந்தப் பக்கம் மென்மையாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் பிடிமானம் கூடும். முன்புறம் மென்மையானால் வண்டி எளிதாகத் திரும்பும். பின்புறம் மென்மையானால் பின்சக்கரம் வழுக்குவது குறையும். மேடுபள்ளமான தளர்ந்த மண்ணுக்கு மென்மையான சுருள்வில்லும், பிடிமானம் மிகுந்த சமதளத் தடத்துக்குக் கடினமான சுருள்வில்லும் ஏற்றவை.

தரை இடைவெளியும் சக்கரக் கோணங்களும்

தரை இடைவெளி என்பது சேஸிஸின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உயரம். மின்கலம் உட்பட எல்லாப் பாகங்களும் பொருத்திய நிலையில், வண்டியைச் சமதள மேசைமீது ஏறக்குறைய 15 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, அது அமர்ந்த பின் அளக்க வேண்டும். மண் தடத்தில் 20 முதல் 25 மி.மீ. வரை வைப்பது வழக்கம். உயரம் குறைந்தால் வண்டி சாய்வது குறையும். ஆனால் மேடுகளில் அடிவயிறு தட்டும்.

கேம்பர் என்பது வண்டியை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் அது எதிர்க் கேம்பர். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரமும் வெளிநோக்கிச் சாய முற்படும். முன்கூட்டியே 1 முதல் 2 பாகை உள்நோக்கிச் சாய்த்து வைத்தால், அந்த நேரத்தில் டயர் முழு அகலத்தில் தரையைத் தொடும்.

டோ கோணம் என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. பின்சக்கரங்கள் ஏறக்குறைய 3 பாகை உள்நோக்கி இருந்தால் முடுக்கும்போது வண்டி நேராகச் செல்லும். முன்சக்கரங்களை நேராகவோ 1 பாகை வெளிநோக்கியோ வைக்கலாம். வெளிநோக்கி வைத்தால் திருப்பம் தொடங்கும்போது வண்டி விரைந்து பதிலளிக்கும்.

பற்சக்கரங்களும் மோட்டாரும்

மோட்டாரின் அச்சிலுள்ள சிறிய பற்சக்கரம் பினியன் எனப்படும். அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் ஸ்பர் எனப்படும். மொத்த விகிதத்தைக் கணக்கிடுவது எளிது. ஸ்பரின் பற்கள் 78, பினியனின் பற்கள் 26, உட்புறப் பற்சக்கர விகிதம் 2.6 எனக் கொள்வோம். 78ஐ 26ஆல் வகுத்தால் 3. அதை 2.6ஆல் பெருக்கினால் 7.8. அதாவது மோட்டார் 7.8 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

பெரிய பினியன் போட்டால் உச்ச வேகம் கூடும். ஆனால் மோட்டார் மிகுந்த பாரத்துடன் உழைத்துச் சூடாகும். மோட்டாரின் காந்தம் மிகை வெப்பத்தில் நிலையாக வலிமை இழக்கும். எனவே பினியனை ஒவ்வொரு பல்லாகவே கூட்டி, சில நிமிடம் ஓட்டியபின் வெப்பமானியால் சோதிக்க வேண்டும்.

இரு பற்சக்கரங்களுக்கு இடையே மெல்லிய தாள் துண்டைச் சொருகி, மோட்டாரை நெருக்கித் திருகை இறுக்கிவிட்டுத் தாளை எடுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும். இறுக்கமாக இருந்தால் சீறும் ஒலி கேட்கும். தளர்வாக இருந்தால் பற்கள் அரையப்படும்.

ஸ்லிப்பர் கிளட்ச் பற்சக்கரங்களை அதிர்ச்சியிலிருந்து காக்கிறது. நின்ற நிலையிலிருந்து முழுவேகம் கொடுக்கும்போது அரை மீட்டர் தூரம் அளவுக்கு அது வழுக்கும் ஒலி கேட்க வேண்டும். டிஃபரன்ஷியல் வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவுகிறது. அதிலுள்ள எண்ணெய் இளகியிருந்தால் வண்டி எளிதாகத் திரும்பும். ஆனால் வளைவை விட்டு வெளியேறும்போது உள்சக்கரம் வீணாகச் சுழலலாம்.

மின்கலப் பாதுகாப்பு

மற்ற பாகங்களில் தவறு நேர்ந்தால் ஒரு பந்தயம் போகும். லித்தியம் பாலிமர் மின்கலத்தில் தவறு நேர்ந்தால் வீடே தீப்பற்றலாம். ஆகவே சிறுவர்கள் இதைப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே மின்னேற்ற வேண்டும்.

இரு அறைகள் கொண்ட மின்கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 7.4 வோல்ட். முழுமையாக மின்னேற்றியபின் 8.4 வோல்ட். அறை ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது நிலையாகக் கெடும். 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்கலத்தை 5 ஆம்பியர் அளவில் மின்னேற்றுவது பாதுகாப்பானது. லித்தியம் வகைக்கு உரிய, அறைகளைச் சமன் செய்யும் மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். தீத்தடுப்புப் பையில் வைத்து, சிமெண்ட் தரையில், துணி, தாள், திரைச்சீலை ஆகியவற்றுக்கு அப்பால் மின்னேற்ற வேண்டும். இரவில் மின்னேற்றிவிட்டுத் தூங்கக்கூடாது. உப்பிய மின்கலத்தை, அது இன்னும் வேலை செய்தாலும், பயன்படுத்தக்கூடாது. சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் அறை ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும்.

ரிமோட்

முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருவர் ஒரே படிகத்தைப் பயன்படுத்தினால் வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்தன. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அக்குறை இல்லை. எனினும் வரிசை மாறக்கூடாது. முதலில் ரிமோட்டை இயக்கிப் பின்னர் வண்டியை இயக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட்.

தொடர்பு அறுந்தால் வண்டி தானே நிற்கும் வசதி எல்லா நல்ல ரிமோட்களிலும் உண்டு. சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு வண்டியைத் தூக்கி வைத்து, மெதுவாக முடுக்கிய நிலையில் ரிமோட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் நின்றால் வசதி சரியாக உள்ளது. நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யாமல் தடத்துக்குச் செல்லக்கூடாது. மணிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒன்றரைக் கிலோ வண்டி ஒரு குழந்தையின் காலை முறிக்கப் போதுமானது.

குறையும் தீர்வும்

வளைவில் வண்டி திரும்ப மறுத்தால்: முன் சுருள்வில்லை மென்மையாக்கலாம், மின்கலத்தைச் சற்று முன்னே நகர்த்தலாம்.

வளைவில் பின்புறம் வழுக்கிச் சுழன்றால்: பின் சுருள்வில்லை மென்மையாக்கலாம், மின்கலத்தைப் பின்னே நகர்த்தலாம், பின்சக்கர டோ கோணத்தைக் கூட்டலாம்.

தாவி இறங்கும்போது அடிவயிறு பலமாக மோதினால்: கெட்டியான எண்ணெய் இடலாம்.

நேர்த்தடத்தில் ஒரு பக்கம் இழுத்தால்: எதையும் மாற்றும் முன் வளைந்த கம்பியையும் ஷாக் நீளங்களையும் பார்க்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது டயர். தடத்துக்குப் பொருந்தாத டயரின் குறையை எந்தச் சுருள்வில்லாலும் ஈடுசெய்ய முடியாது. அத்தடத்தில் பழகியவர்கள் எந்த டயரைப் பயன்படுத்துகிறார்கள் எனக் கேட்டறிவதே சிறந்த வழி.

குறிப்பேட்டின் பயன்

பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனையின்போது ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைக்கிறோம். பக்கிக்கும் அதே முறைதான். ஒரே நேரத்தில் சுருள்வில், எண்ணெய், கேம்பர் மூன்றையும் மாற்றினால், வண்டி மேம்பட்டாலும் எது காரணம் எனத் தெரியாது. ஒன்றை மாற்றி, ஐந்தாறு சுற்றுகள் ஓட்டி, நேரங்களின் சராசரியைக் குறிக்க வேண்டும். மிக வேகமான ஒரு சுற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அது தற்செயலாக அமைந்திருக்கலாம். பயன் இல்லை என்றால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும்.

தேதி, தடத்தின் தன்மை, வெயில், மாற்றிய அளவு, கிடைத்த சராசரி நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு வரியில் எழுதி வைத்தால், ஓராண்டில் அக்குறிப்பேடு அந்த வண்டிக்கே உரிய கையேடாக மாறிவிடும்.