ஆறு ஒலிகளும் ஒரு கிண்ணமும்

காலை ஏழரை மணி. மூன்று வயதுப் பையன் பாயில் உட்கார்ந்திருக்கிறான். காது மெஷினை மாட்டிவிட்ட அம்மா, தன் வாயசைவு அவனுக்குத் தெரியாதபடி பின்னால் போய் உட்கார்ந்து "ம்..." என்கிறார். பையன் ஒரு பாட்டில் மூடியைக் கிண்ணத்தில் போடுகிறான். "ஊ..." இன்னொரு மூடி. "ஆ...", "ஈ..." அடுத்த இரண்டும் விழுகின்றன. "ஷ்..." சற்று யோசித்துப் போடுகிறான். "ஸ்..." மூடி கையிலேயே இருக்கிறது.

அம்மா மெஷினைக் கழற்றிப் பார்க்கிறார். டியூபில் வியர்வை கோத்திருக்கிறது. ஊதித் துடைத்து மாட்டியதும் மறுபடியும் "ஸ்..." என்கிறார். இந்தத் தடவை மூடி விழுகிறது.

செவித்திறன் குறைந்த குழந்தைகள் இருக்கும் பல வீடுகளில் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த 'ஆறு ஒலிச் சோதனை' இது. 'ம்', 'ஊ' இரண்டும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள். 'ஸ்' மிக உயர்ந்தது. பேச்சில் வரும் ஒலிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால், ஆறும் கேட்டால் அன்றைய பேச்சு குழந்தையை எட்டும் என்று நம்பலாம். ஒன்று கேட்காவிட்டால், கோளாறு பேட்டரியிலா, டியூபிலா, காதிலா என்று உடனே தேட வேண்டும்.

பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தாயின் குரல் கேட்கத் தொடங்குகிறது. பிறந்த பிறகு முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில் மூளையின் செவிப்பகுதி வேகமாக உருவாகிறது. அந்தக் காலத்தில் ஒலியே போகாவிட்டால், அந்த இடத்தைப் பார்வை போன்ற பிற புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அதனால்தான் மருத்துவர்கள் 1-3-6 என்ற கணக்கைச் சொல்கிறார்கள்: 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான முடிவு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். தூங்கும் குழந்தைக்கு வலியே இல்லாமல் ஓஏஇ, பெரா என்ற செவித்திறன் பரிசோதனைகளைச் செய்துவிடலாம்.

ஆனால் நடைமுறையில் மாதங்கள் கரைகின்றன. கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்ற குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், 'ங்கா' சொல்லும். கதவு அறைந்தால் தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வந்தாலும், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் சொல்லிவிடுவார்.

கேட்புக் குறைபாடு மிதமாக இருந்தால், ஒலியைப் பெருக்கித் தரும் காது மெஷின் போதும். உள்காதின் மயிர்ச் செல்கள் பெரிதும் பழுதாகியிருந்தால், அவற்றைத் தாண்டிச் செவி நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் தேவைப்படும். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என்று நம்பி வரும் பெற்றோர் பலர். சில வாரம் கழித்துக் கருவியை 'ஸ்விட்ச் ஆன்' செய்யும்போது, சில குழந்தைகள் மிரண்டு அழுதுவிடுகின்றன. அதுவரை இல்லாத ஒன்று திடீரென்று வருகிறது. அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்துதான் 'கேட்கும் வயது' கணக்கு தொடங்குகிறது. இரண்டு வயதில் ஸ்விட்ச் ஆன் ஆன குழந்தை, மூன்றாவது பிறந்தநாளில் கேட்பதில் ஒரு வயதுக் குழந்தைதான்.

கேட்கப் பழக்கும் தெரபி அறையில் பயிற்சியாளர் குழந்தைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவது, அது உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்கட்டும் என்பதற்காகத்தான். பொம்மையைக் காட்டும் முன்பே "மாடு... ம்மா..." என்று சொல்லிவிடுவார். முதலில் காது, அப்புறம் கண், மறுபடி காது. கேள்வி கேட்டதும் சில நொடிகள் பேசாமல் காத்திருப்பார். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் தாயே பதிலைச் சொல்லிவிடுவதுண்டு. காத்திருக்கவும் தாய்க்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

உண்மையில் அந்த அறையில் மாணவி தாய்தான். வாரம் ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் பேசுவதைக்கொண்டு எந்தக் குழந்தைக்கும் மொழி வந்துவிடாது. மீதி நேரம் முழுக்க வீட்டில் பேச வேண்டும். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக 1969-ல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி, தாயை ஆசிரியருக்கு இணையான பங்காளியாகவே நடத்துகிறது. அங்கே பயிலும் சிறு குழந்தைகள் பிறகு வழக்கமான பள்ளிகளில் சேர்கிறார்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு பேச்சு வருவதில்லை. செவி நரம்பே உருவாகாத குழந்தைகளும், காலம் கடந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தியச் சைகை மொழி முழுமையான மொழியாகக் கைகொடுக்கும். அதைத் தோல்வி என்று நினைத்து ஒதுக்கினால், பிள்ளை எந்த மொழியும் இல்லாமல் வளர நேரிடும்.

தெரபி முடிந்து கிளம்பும்போது, பயிற்சியாளர் தாயின் நோட்டில் அந்த வாரத்து வீட்டுப்பாடத்தை எழுதித் தருகிறார்: "தோசை சுடும்போது டிவியை அணைக்கவும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காதருகே பேசவும். 'ஊத்து', 'சூடு', 'திருப்பு'. முதல் தோசையைக் கொடுத்துவிட்டு 'இன்னொண்ணு வேணுமா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கவும்."

'காத்திருக்கவும்' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு.