புகைப்பட ஆர்வலருக்கு எதைப் பரிசளிக்கலாம்?

தீபாவளி நெருங்கும்போதும் பருவ விடுமுறை தொடங்கும்போதும் நம் மாணவர்களிடையே ஒரு கேள்வி எழுவது வழக்கம். புகைப்படத்தில் ஆர்வம் கொண்ட தம்பிக்கோ, தோழிக்கோ, விடுதியில் உடன் தங்கியிருக்கும் நண்பருக்கோ என்ன வாங்கிக் கொடுப்பது? உடனே நினைவுக்கு வருவது புதிய கேமராதான். அதன் விலையோ ஆயிரக்கணக்கான ரிங்கிட். கல்விக் கடனில் படிக்கும் மாணவருக்கு அது எட்டாக்கனி. வாங்க இயலவில்லையே என்ற ஏக்கத்தில் கையில் இருக்கும் கேமராவையும் திறன்பேசியையும் பயன்படுத்தாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு.

இந்த ஏக்கம் தேவையில்லாதது. நல்ல படத்திற்கு ஒளியும், அசையாத நிலையும், கவனிக்கும் கண்ணும் வேண்டும். இவற்றுக்குத் துணைசெய்யும் பொருள்கள் பெரும்பாலும் மலிவானவை. அவை எவை, அவற்றைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விடுமுறையில் பிறந்த இரண்டு கதைகள்

கோடாக் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் 'பிரவுனி' என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுவர்களும் கையாளத்தக்க எளிய பெட்டி அது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குக் குடும்பத்தோடு விடுமுறை சென்ற 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவன் பெற்றோர் பிரவுனி கேமரா ஒன்றைக் கொடுத்தனர். அச்சிறுவனே பின்னாளில் இயற்கைக் காட்சிப் படங்களால் உலகப் புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸ். அவர் தம் வாழ்நாளில் மீண்டும் மீண்டும் அதே பள்ளத்தாக்கிற்குச் சென்று படமெடுத்தார்.

இரண்டாவது கதை 1943ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. எட்வின் லேண்ட் என்ற அறிவியலாளர் விடுமுறையின்போது தம் மூன்று வயது மகளைப் படமெடுத்தார். அந்தப் படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியவில்லை என்று குழந்தை கேட்டாள். அக்கேள்வியிலிருந்து பிறந்ததுதான் உடனடிப் புகைப்படம். 1947இல் அவர் அதைச் செய்து காட்டினார். 1948 நவம்பரில், கிறிஸ்துமஸ் பரிசுக் காலத்தில், போஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் போலராய்டு கேமராக்கள் விற்பனைக்கு வந்தன. வைத்திருந்த அத்தனையும் முதல் நாளிலேயே விற்றுத் தீர்ந்தன.

முதல் கதை எளிய கருவியும் ஒருவரை வளர்க்கும் என்கிறது. இரண்டாவது கதையோ படம் என்பது கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய பொருள் என்பதை நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

மெகாபிக்சல் என்னும் மயக்கம்

கேமரா விளம்பரங்கள் முதலில் சொல்வது மெகாபிக்சல் எண்ணிக்கையைத்தான். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும் என்பது பொதுவான கணக்கு. கடைகளில் 4ஆர் என்று நாம் கேட்டு வாங்கும் படம் 4 அங்குலத்திற்கு 6 அங்குலம். அதற்கு வேண்டியது 1200க்கு 1800 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 2 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலப் படத்திற்கும் 7 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அண்ணன் பயன்படுத்திவிட்டு அலமாரியில் வைத்திருக்கும் பழைய 12 மெகாபிக்சல் கேமராவே இந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே கேமராவை மாற்றுவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் துணைக்கருவிகளுக்குச் செலவிட்டால் பயன் அதிகம்.

பரிசளிக்கத் தகுந்தவை

முதலாவது, முக்காலி. இருட்டில் எடுக்கும் படங்கள் கலங்கிப் போவதற்கு முதற்காரணம் கை அசைவு. 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/50 வினாடிக்குக் குறையக்கூடாது என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. முக்காலி இருந்தால் பத்து வினாடிகூடத் திறந்து வைக்கலாம். திறன்பேசியை மட்டும் வைத்திருப்பவருக்கு, அதைப் பற்றிக்கொள்ளும் பிடியோடு கூடிய சிறு முக்காலி போதும்.

இரண்டாவது, 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ். லென்ஸை மாற்றக்கூடிய கேமரா வைத்திருப்பவருக்கு இது அருமையான பரிசு. பழைய லென்ஸ்கள் குறைந்த விலைக்கும் கிடைக்கின்றன. கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண ஜூம் லென்ஸை முழுவதும் நீட்டினால் அதன் துளை பெரும்பாலும் எஃப்/5.6 அளவே திறக்கும். எஃப்/1.8 அளவு திறக்கும் லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விளக்கொளியில் படமெடுக்க இது பேருதவி. ஒன்றை மட்டும் மறவாதீர். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொரு நிறுவனத்தின் கேமராவில் பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் பழைய, புதிய வகைகள் வேறுபடும். பரிசு பெறுபவரின் கேமராப் பெயரையும் எண்ணையும் எப்படியாவது தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மூன்றாவது, உலர் பெட்டி. குளிர்நாட்டுப் பட்டியல்களில் இதைக் காண்பது அரிது. நம் நாட்டிலோ இதுவே இன்றியமையாதது. இங்கே காற்றின் ஈரப்பதம் பல வேளைகளில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. துணிப்பையில் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சை படரும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டிற்குள் வைத்திருக்கும் மின்சார உலர் பெட்டிகள் கடைகளில் உள்ளன. அவ்வளவு செலவிட இயலாதவர்கள், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஆகிய மூன்றையும் வாங்கிச் சேர்த்துக் கொடுக்கலாம். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிற மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருப்பதால் ஆரஞ்சு நிற வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்!

நான்காவது, மணிலா அட்டைகள். வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று. புத்தகக் கடையில் சில ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். சன்னலோரம் அமர்ந்திருப்பவரின் நிழல் விழும் பக்கத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்தால் ஒளி திரும்பி முகத்தில் விழும். கறுப்பு அட்டையின் பயனைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

விடுமுறையில் செய்து பார்க்க ஐந்து உத்திகள்

1. நீல நேரம். விளக்கு அலங்காரத்தை நன்றாக இருட்டிய பிறகு எடுத்தால் வானம் வெறும் கறுப்பாகிவிடும். கதிரவன் மறைந்து சில நிமிடங்களில் வானம் கருநீலமாகும். அப்போது விளக்கொளியும் வானொளியும் சமமாக இருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் இந்த நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. தீபாவளிக் காலத்தில் கோலாலம்பூரில் மாலை 7 மணியை ஒட்டிக் கதிரவன் மறைகிறது. ஆகவே 6.45க்கே இடத்தைத் தேர்ந்து முக்காலியை நிறுத்திவிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஆனாலும் இதுவே முறை. மழை பெய்து ஓய்ந்திருந்தால் இன்னும் நல்லது. தேங்கிய நீருக்கருகில் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகும்.

2. அகல் விளக்கு முகங்கள். வீட்டில் விளக்கேற்றும் அம்மாவைப் படமெடுக்கும்போது கேமராவின் பிளாஷ் எரிந்தால் அந்த விளக்கின் பொன்னிற ஒளி அடிபட்டுப் போகும். பிளாஷையும் அறையின் குழல் விளக்கையும் அணைத்துவிடுங்கள். அகல் விளக்குகள் ஐந்தாறினை முகத்திற்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கமாக வையுங்கள். துளை எஃப்/1.8, ஐஎஸ்ஓ 1600, வேகம் 1/60 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். திறன்பேசியில் திரையிலுள்ள முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் ஒளி அளவைச் சற்றுக் குறைத்தால் சுடர் வெளுத்துப் போகாது.

3. ஒளியால் எழுதுதல். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, நேரம் 10 வினாடி என அமைத்து இருட்டில் வையுங்கள். நண்பர் ஒருவர் கருநிற உடையணிந்து கேமராவைப் பார்த்து நின்று, கைவிளக்காலோ கம்பி மத்தாப்பாலோ காற்றில் எழுதட்டும். அவர் தமக்கு நேராக எழுதுவது படத்தில் இடவலம் மாறித் தெரியும். கணினியில் படத்தைத் திருப்பினால் எழுத்து நேராகிவிடும். 'அ' எழுதிப் பழகி, பிறகு 'தமிழ்' எழுதிப் பாருங்கள். ழகரத்தின் வளைவை ஒரே வீச்சில் முடிப்பது நல்ல சவால்! மத்தாப்பு பயன்படுத்தினால் திறந்த வெளியில், அருகில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள்.

4. வடிவம் மாறும் விளக்குகள். இங்கேதான் கறுப்பு மணிலா அட்டை வேலைக்கு வருகிறது. அட்டையை லென்ஸின் முகப்பளவு வட்டமாக வெட்டி, அதன் நடுவே 15 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நட்சத்திரத்தையோ மாவிலையையோ வெட்டி எடுங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸின் முன் பொருத்தி, துளையை முழுவதும் திறந்து, ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவரின் முகத்தில் ஃபோக்கஸ் செய்யுங்கள். தொலைவில் மின்னும் சிறு விளக்குகள் ஒவ்வொன்றும் அந்த நட்சத்திரமாகவோ மாவிலையாகவோ மாறிவிடும். காரணம் எளிது. ஃபோக்கஸில் இல்லாத ஒளிப்புள்ளி, தான் நுழைந்து வந்த துளையின் வடிவத்தையே படத்தில் எடுக்கிறது.

5. காவடியோடு நகர்தல். தைப்பூசத்தில் சுழன்றாடும் காவடியை அதிவேகத்தில் எடுத்தால் ஆட்டம் உறைந்து சிலையாகிவிடும். வேகத்தை 1/15 வினாடிக்குக் குறைத்து, காவடி நகரும் திசையிலேயே கேமராவையும் நகர்த்திக்கொண்டு அழுத்துங்கள். முகம் ஓரளவு தெளிவாகவும் சுற்றிலும் மயிலிறகுகள் ஓடுவது போலவும் அமையும். பத்துப் படங்களில் ஒன்று தேறினாலே மகிழ்ச்சி. ஆனால் ஒரு வரம்பு உண்டு. அருள்வந்து ஆடுபவரின் முகத்தருகே பிளாஷ் அடிப்பதும் வழியை மறித்து நிற்பதும் முறையன்று. அவர் வேண்டுதல் நிறைவேற்ற வந்தவர், நமக்குக் காட்சி தர வந்தவர் அல்லர்.

புகைப்படக்காரர் தரவேண்டிய பரிசு

இதுவரை புகைப்பட ஆர்வலருக்குக் கொடுப்பதைப் பேசினோம். அவர் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றும் உண்டு.

பாட்டியோ தாத்தாவோ மறைந்த அன்று, மாலை அணிவித்து வைக்க ஒரு நல்ல படம் தேடி வீடே அலைவதைப் பலர் கண்டிருப்போம். கடைசியில் அடையாள அட்டையில் உள்ள சிறு படத்தைப் பெரிதாக்கி மாட்டுவார்கள். அல்லது ஏதோ ஒரு திருமணக் கூட்டத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். வீட்டில் ஐந்து திறன்பேசிகள், அவற்றில் ஆயிரக்கணக்கான படங்கள். உணவின் படம் இருக்கும், பூனையின் படம் இருக்கும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் கரையேற்றிய பாட்டியின் முகம் தெளிவாக ஒன்றில்கூட இராது.

எனவே இந்த விடுமுறையில் காலை ஒன்பது மணிக்குப் பாட்டியைச் சன்னலோரம் அமர்த்துங்கள். மறுபக்கம் வெள்ளை மணிலா அட்டையைத் தம்பி பிடித்துக்கொள்ளட்டும். கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், அவர் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பேசத் தொடங்கியதும் கைகள் அசையும், முகம் மலரும். அப்போது எடுங்கள். முகத்தை மட்டுமன்றி அந்தக் கைகளையும் எடுங்கள்.

எடுத்ததை உடனே அச்சிடுங்கள். புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. கடைக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும். அச்சிட்ட படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மூலப்படத்தை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வீட்டிலும் மற்றொன்று வேறோரிடத்திலும் இருக்கட்டும். வெள்ளம் புகுந்த வீடுகளில் ஆல்பமும் கணினியும் ஒன்றாகவே அழிந்திருக்கின்றன.

முடிவாக

மாணவ நண்பர்களே, வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பொருள் நம் நண்பரைக் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வரச்செய்யுமா, அலமாரியில் பூட்டிவைக்கச் செய்யுமா? வெளியே வரச்செய்யும் எதுவும் நல்ல பரிசே. முக்காலியோடும் இரண்டு மணிலா அட்டைகளோடும் ஊர் திரும்பும் ஒருவர், அந்த வீட்டில் இனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ள முடியும். விடுமுறை முடிந்து வளாகம் திரும்பும்போது நீங்கள் எடுத்த ஒரு படமாவது உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கட்டும்.