கொள்ளைநோயும் கூட்டு வழிபாடும்

கூடி வாழ்தல் மக்களது இயல்பு. கூடி வழிபடுதல் சமயத்தின் இயல்பு. கொள்ளைநோய் வந்துற்ற காலத்து இவ்விரண்டுமே ஊறு விளைப்பனவாய் மாறுகின்றன. கூட்டமே நோய்க்கு வழியாகுமிடத்து, கூட்டத்தால் நிலைபெற்ற சமய வாழ்வு எங்ஙனம் நிற்கும்? இவ்வினா புதியதன்று. ஈழத்துச் சைவர் இதனைப் பன்முறை எதிர்கொண்டனர். அவர் கண்ட விடைகள் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கதிர்காம யாத்திரையும் வாந்திபேதியும் சேர்ந்தே பேசப்பட்டன. வாந்திபேதி நீரினாற் பரவுவது. அதன் கிருமியை றொபேட் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து நிலைநாட்டினார். பல்லாயிரவர் ஓர் ஆற்றிலே நீராடி, அந்நீரையே பருகும் இடத்தில் நோய் பரவுதல் வியப்பன்று. ஆங்கில அரசு யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. கதிர்காமஞ் செல்லவியலாத கொழும்புச் செட்டிமக்கள், செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து வேலைத் தேரில் எழுந்தருளுவித்துப் பம்பலப்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். 1874ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கூறப்படும் கொழும்பு ஆடிவேல் விழாவின் பிறப்பு இதுவென்பது வழிவழி வருஞ் செய்தி. அடியவர் முருகனிடம் செல்லல் தடைப்பட்டபொழுது, முருகன் அடியவரிடம் வந்தான் என அவர் கொண்டனர். தடை பத்தியை அழிக்கவில்லை. அதன் பாதையையே மாற்றிற்று.

வைசூரி கண்ட காலத்து நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கமும் கருதத்தக்கது. நோயுற்றார் வீட்டு வாயிலில் வேப்பிலை தொங்கும், பிறர் உட்செல்லார், வீட்டிலே தாளிதமும் பொரியலும் இல்லை. அம்மன் எழுந்தருளியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. வேப்பிலை வைசூரியைத் தீர்க்கும் மருந்தாயிற்றென்று சொல்லுதற்கில்லை. ஆயினும் நோயாளரை ஊரினின்றும் பிரித்துவைக்கும் அறிவிப்பாக அது பயன்பட்டது. அவ்வாறு பிரித்தபொழுதும் அவர் இழிவுறவில்லை. அம்மனுக்கு உரியவராக மதிக்கப்பட்டனர். வைசூரி உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது; அம்மதிப்பு ஒழியத்தக்கதன்று.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபொழுது அப்பழைய வினா மீண்டும் எழுந்தது. கோயில்களில் அர்ச்சகர் மாத்திரம் நின்று பூசை செய்தனர். இதற்குச் சைவாகம மரபில் இடமுண்டு. தன் பொருட்டு வீட்டிற் செய்வது ஆன்மார்த்த பூசை. உலக நலங் கருதிக் கோயிலிற் செய்வது பரார்த்த பூசை. பின்னையது காண்பார் பலரெனினும் ஒருவருமிலரெனினும் நிகழவேண்டுவது. ஆகவே கதவடைத்த கோயிலும் ஊருக்காகவே விளக்கேற்றிற்று.

இதனோடு குவேக்கர் எனப்படும் நண்பர் சபையாரை ஒப்பிடல் பயனுடைத்து. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே ஜோர்ஜ் பொக்ஸ் முதலியோரால் தோன்றிய இச்சபையின் பழைய மரபில் குருமாரில்லை, சடங்குமில்லை. அன்பர்கள் ஓரிடத்துக் கூடி மௌனமாக அமர்ந்திருத்தலே வழிபாடு. அவர்க்காகப் பூசிப்பார் எவருமிலர். கூட்டம் நின்றால் வழிபாடே நின்றதாகும். அவர்களுட் பலர் 2020இல் குறித்த நேரத்தில் தத்தம் இல்லங்களிலிருந்து, மின்திரை வாயிலாக ஒருங்கே மௌனங் காத்தனர். மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட தட்சிணாமூர்த்தியை வணங்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. வழிபாட்டினின்று தொண்டு பிரியாதென்பதும் அவர் கொள்கை. அவர்தம் துயர்துடைப்புப் பணிக்காகவே 1947இல் அச்சபையின் இரு தொண்டு நிறுவனங்கட்குச் சமாதான நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

எனவே, வழிபாடு கொள்ளைநோயிலும் நிற்கும். உடைவது யாது? மக்கள் ஒருவர்க்கொருவர் ஆற்றுங் கடன். திருவிழா நின்றவிடத்துத் தவிற்காரரும் பூக்கட்டுவோரும் வருவாயிழந்தனர். அன்னதானத்தை நம்பியோர் பசித்திருந்தனர். மரணவீட்டின் நிலை அதனினுங் கொடிது. உற்றார் சூழாமலும், வாய்க்கரிசி இடாமலும் பலர் தகனமாயினர்.

நம்மினும் பெருந்துயருற்றோர் முஸ்லிம் மக்கள். நல்லடக்கம் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், கொவிட் நோயால் இறந்தாரை எரித்தலே வேண்டுமென 2020 ஏப்ரலில் அரசு விதித்தது. 2021 பெப்ரவரியிலேதான் அவ்விதி தளர்ந்தது. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் நடைபெற்றது. 2024இல் அரசு மன்னிப்புக் கோரிற்று. எரித்தல் நமக்கு மரபாதலின் அவ்விதி நம்மைச் சுடவில்லை. ஆயினும் துறவியரையும் பச்சிளங் குழந்தைகளையும் நாமும் மண்ணிலேயே இடுகின்றோம். ஒருவர் இறுதிக்கடன் அவர்க்கு எத்துணைப் புனிதமென்பதை நாம் அறியாதவரல்லேம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அவரோடு ஒரே தெருவில் வாழும் நாம் அன்று எத்துணை உரக்கப் பேசினோம் என்பது எண்ணத்தக்கது.

தேரின் பாதையை மாற்றி வழிபாட்டைக் காத்த சமூகம் நாம். இனியொரு கொள்ளைநோய் வருங்கால், அயலான் கடனையும் காத்த சமூகமென்று நம்மைப் பின்வருவோர் கூறுதல் வேண்டும். பரார்த்தம் என்னுஞ் சொல்லின் பொருள் பிறர்பொருட்டு என்பதேயன்றோ?