கார் ஷெட்டில் கோத்த மனித வரிசை

வாங்க, நேரே கார் ஷெட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுவோம்! கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ், 2000ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி. உள்ளே விசைப்பலகையைத் தட்டித் தள்ளுகிறவர் ஜிம் கென்ட். உயிரியலில் முனைவர் பட்ட மாணவர்; அதற்கு முன் அனிமேஷன் மென்பொருள் எழுதியவர். இரவானால் மணிக்கட்டுக்கு ஐஸ் ஒத்தடம். காலையில் மறுபடி தட்டல். நாலே வாரத்தில் 'கிக் அசெம்பிளர்' என்ற புரோகிராம் பிறந்துவிட்டது!

அப்படி என்ன அவசரம்? அரசு நிதியில் நடந்த மனித மரபணுத் தொகுதித் திட்டத்தைக் கிரெய்க் வென்டரின் செலரா கம்பெனி விரட்டிக்கொண்டிருந்தது. தனியார் முந்தினால் காப்புரிமை போட்டுப் பூட்டிவிடுவார்களோ என்று கென்ட்டுக்குப் பயம்.

பொதுத் திட்டத்தின் கையில் டி.என்.ஏ. எழுத்துகள் இருந்தன, வரிசைதான் இல்லை. சுமார் 4 லட்சம் துண்டுகள்! அதிலும் ஆலு என்று ஒரு வில்லன்: 300 எழுத்துத் துணுக்கு, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஏறக்குறைய ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் அத்தனை பேரும் ஒரே மாதிரிச் செருப்பு போட்டு வந்தால் ஜோடி சேர்க்க முடியுமா?

கென்ட்டின் வித்தையைப் பாருங்கள். முனைகள் பொருந்தும் துண்டுகளை இணைத்து முதலில் 'தெப்பம்' கட்டினார் (அவரே வைத்த பெயர்!). பிறகு தெப்பங்களுக்கு நடுவே 'பாலம்'. ஒரே எம்.ஆர்.என்.ஏ.வின் (ஒரு ஜீனின் நகல்) தலை ஒரு தெப்பத்திலும் வால் இன்னொன்றிலும் பொருந்தினால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ஒரே டி.என்.ஏ. துண்டின் இரு முனைகளையும் தனித்தனியே படித்த ஜோடிகளும் சாட்சி சொல்லும். நம்பகமான பாலம் முதலில். அதோடு முரண்படும் பாலத்துக்கு இடமே கிடையாது. எனக்கு இந்தப் பிடிவாதம்தான் ரொம்பப் பிடித்தது.

நூறு பென்டியம் கணினிகள் உறுமின. ஜூன் 22: வரிசை தயார். செலரா முடித்தது மூன்று நாள் கழித்து! ஜூன் 26இல் வெள்ளை மாளிகையில் அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டன், கேமராக்கள், கைதட்டல். ஜூலை 7இல் மொத்த வரிசையும் இணையத்தில், இலவசமாக. ஓட்டைகள் ஏராளம்தான், எல்லாம் அடைபட 20 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மனிதனை முடித்த கையோடு எலி வந்து நின்றது. எலியின் லட்சக்கணக்கான துண்டுகளை மனித வரிசையோடு ஒப்பிட, அன்று எல்லாரும் நம்பியிருந்த பிளாஸ்ட் புரோகிராமின் வேகம் போதவில்லை. அது தேடவேண்டிய துண்டுக்கு அட்டவணை போட்டுக்கொண்டு, முழுத் தொகுதியையும் துழாவும். கென்ட் அதை அப்படியே தலைகீழாக்கினார்: தொகுதி முழுவதையும் 11 எழுத்துக் கூறுகளாக அட்டவணையிட்டு நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால்? 2002இல் வெளியான பிளாட் புரோகிராம் அதுதான். சாண்டா குரூஸின் ஜீனோம் பிரவுசரில் அந்தத் தேடல் பெட்டி இன்றும் இருக்கிறது. ஏதாவது ஒரு டி.என்.ஏ. துண்டை ஒட்டிப் பாருங்கள், எந்தக் குரோமோசோமில் எந்த இடம் என்று சில நொடிகளில் சொல்லிவிடும்!