தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் மயில்துத்தம்

பிரிஞ்சாங் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேயிலையும் முட்டைக்கோஸும் ஸ்ட்ராபெரியும் விளைகிற மலையில், வரவேற்பறை மூலையில் ஒரு கோமாளி மீன் நீந்தினால் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்வார்கள். 'நீமோ' படம் பார்த்து வளர்ந்த தலைமுறை இப்போது சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் ஒரு குட்டிக் கடல் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வருவதில் வியப்பில்லை.

புதிய தொட்டியின் விலையைக் கேட்டதும் பலருடைய பார்வை பழைய தொட்டிகள் பக்கம் திரும்புகிறது. வேலை மாறி கோலாலம்பூருக்குப் போகிறவர், பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனபின் பராமரிக்க ஆளில்லாதவர் என்று யாராவது ஒருவர் தங்கமீன் வளர்த்த தொட்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். நல்ல பேரம்தான். ஆனால் நன்னீர் ஓடிய தொட்டியைக் கடல்நீருக்கு மாற்றுவதற்கு முன், அதை எப்படிச் சுத்தம் செய்வது என்பதில்தான் பலர் பணத்தையும் உயிர்களையும் இழக்கிறார்கள்.

"உப்பு போட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும், சும்மா அலசினால் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. நன்னீரில் வாழும் ஒட்டுண்ணி, பாசி, நத்தை ஆகியவற்றில் பெரும்பாலானவை கடல்நீரில் பிழைக்காது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கும் பெரிய பிரச்சினை இல்லை. உப்புக்கு அசையாத ஒன்று உண்டு. அதுதான் தாமிரம்.

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களிடம் 'மயில்துத்தம்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரிந்துகொள்வார்கள். 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைக் கொழுந்தைத் தாக்கிய கொப்புள நோயைக் கட்டுப்படுத்தத் தாமிரக் கலவை மருந்துகள்தான் கைகொடுத்தன. இலையில் பூஞ்சையைக் கொல்லும் அதே தாமிரம், மீன் கடையில் சின்னப் புட்டியில் அடைபட்டு வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்தாக வருகிறது. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருந்தால் ஒட்டுண்ணி ஒழியும், பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். இறால், நண்டு, நத்தை, கடல் சாமந்தி, பவளம் ஆகியவற்றால் அதைத் தாங்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், இறாலும் நண்டும் உயிர்க்காற்றைக் கொண்டுசெல்லத் தங்கள் இரத்தத்திலேயே தாமிரத்தை வைத்திருக்கின்றன. அவற்றின் இரத்தம் நீலமாக இருப்பது அதனால்தான். தேவையான துளி உயிர் கொடுக்கிறது, சற்றே மிஞ்சினால் அதுவே உயிரை எடுக்கிறது.

ஆகவே தொட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இதுல மீனுக்கு மருந்து ஏதும் ஊத்தியிருக்கீங்களா?" வெட்கப்பட வேண்டாம். விற்பவர் நினைவில்லை என்று சொன்னால், 'ஊற்றியிருக்கிறார்' என்றே வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடிகளை ஒட்டும் சிலிகான் பசையையும் பாருங்கள். வெள்ளையாகவோ தெளிவாகவோ இருக்க வேண்டிய பசையில் நீலமோ பச்சையோ ஏறியிருந்தால், சாய வகை மருந்துகள் ஊற்றப்பட்ட தொட்டி அது. அந்தச் சாயம் தாமிரம் அல்ல. ஆனால் ஒரு மருந்து ஊற்றியவர் இன்னொன்றையும் ஊற்றியிருக்கலாம் அல்லவா?

தாமிரம் கண்ணாடியில் தங்குவதில்லை. சரளைக் கற்கள், அதிலும் சுண்ணாம்பு கலந்த கல்லும் பவளத் துண்டும், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். வடிகட்டிப் பஞ்சு, கரி, அலங்கார மரக்கட்டை, பழைய பிளாஸ்டிக் குழாய் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவைதான். சிலிகான் எந்த அளவுக்குத் தாமிரத்தை உறிஞ்சும் என்பதில் மீன் வளர்ப்போரிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. என் கருத்து இதுதான்: கண்ணாடிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கழித்துக் கட்டுங்கள். "பஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்குமே" என்று சிலர் யோசிப்பார்கள். நன்னீரில் பழகிய பாக்டீரியா திடீரென்று கடல்நீர் பட்டால் பெரும்பாலும் மடிந்து, தண்ணீரைக் கெடுக்கத்தான் உதவும்.

தேய்க்க ஆரம்பிக்கும் முன் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகும் தொட்டியை இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்துப் பயனில்லை. வீட்டுக்கு வெளியே சமதரையில் ஒரு நுரைப்பலகையைப் போட்டு, அதன்மேல் தொட்டியை வைத்து, விளிம்பு வரை பச்சைத் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெகுநாள் காலியாகக் கிடந்த தொட்டியில் பசை காய்ந்து விட்டிருக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். அத்தனை தண்ணீரும் ஒரு நள்ளிரவில் மரப்பலகைத் தரையில் ஓடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதுவும் உப்புத் தண்ணீர்.

அடுத்தது வெள்ளைப் படிவு. ஈப்போவிலிருந்து வரும் தொட்டிகளில் இது தடிமனாக இருக்க வாய்ப்பு அதிகம். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகளின் நாடு. நம் மலை கருங்கல், இங்கே தண்ணீர் மென்மையானது. படிவின்மீது வெள்ளை வினிகரில் நனைத்த காகிதத் துண்டை ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு இளகிவிடும். பிறகு சவரக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம், சிலிகான் பக்கம் போகாமல். அக்ரிலிக் தொட்டி என்றால் கத்தி கூடவே கூடாது, கீறல் விழும். பாத்திரம் துலக்கும் சவர்க்காரத்தை எந்தத் தொட்டியிலும் தொடாதீர்கள். எவ்வளவு அலசினாலும் மிச்சம் தங்கும், அது மீனின் செவுளைப் பாதிக்கும்.

கிருமி நீக்கத்துக்கு வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் போதும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்து, உள்பக்கம் முழுவதும் படும்படி கால் மணி நேரம் வைத்துவிட்டு வாசனை போகும்வரை அலச வேண்டும். கடைசி அலசலில் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் தயவு செய்து வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். வினிகரும் பிளீச்சும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. குளிருக்காக ஜன்னலைச் சாத்திவைப்பது நம் ஊர்ப் பழக்கம். சாத்திய குளியலறையில் இந்தக் கலப்படம் நடந்தால் ஆபத்து பல மடங்கு. ஒரு நாள் வினிகர் வேலை, நன்றாக அலசிக் காயவைத்து, மறுநாள் பிளீச் வேலை. இரண்டும் வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். பனிமூட்டத்தில் தொட்டி காய்வதற்கே நாள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாமிரம் போய்விட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, புதிய கரி போட்ட வடிகட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, தாமிரம் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்கிச் சோதியுங்கள். அளவு காட்டினால் தண்ணீரை மாற்றி மீண்டும் ஓடவிடுங்கள். தொடர்ந்து காட்டுகிறதா? பவளம், இறால் ஆசையை விட்டுவிட்டு மீன் மட்டும் வளர்க்கலாம். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி இல்லாமலும் வாழத் தெரியும்.

சென்னை மெரினாவில் 1909இல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறந்தபோது கடல் வாசற்படியில் இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை, உப்பை மூட்டையில் வாங்க வேண்டும். கடல்நீர் என்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, ஆகவே நம் மூன்றடித் தொட்டிக்கு ஏழு கிலோ அளவில் கடல் உப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. காய்கறித் தோட்டங்களைத் தாண்டி வரும் ஓடைத் தண்ணீரும் வேண்டாம், உரமும் பூச்சிமருந்தும் தாமிரமும் அதிலேயே வந்து சேரலாம். ஆர்.ஓ. தண்ணீர்தான் பாதுகாப்பு. தொட்டியின் இரும்புச் சட்டமும் மூடியின் திருகாணியும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அவற்றையும் மாற்றுங்கள். கீழ்நாட்டில் தண்ணீரைக் குளிர்விக்க இயந்திரம் வைப்பார்கள். இங்கே நேர்மாறாக வெப்பமூட்டி வேண்டும், 25 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையாக இருக்க. பிறகு பாக்டீரியா புதிதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மொத்த வேலையிலும் இதுதான் கடினம்!

கழித்துக் கட்டிய சரளை, செடி, மீந்த மீன்கள் என்ன ஆவது? வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாய் சுங்கை பெர்த்தாமில் சேருகிறது, அது ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று பெருகிக் கிடக்கும் 'ஈக்கான் பண்டாராயா' மீன், தென் அமெரிக்காவிலிருந்து தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி வந்ததுதான். அலுத்துப்போனவர்கள் ஆற்றில் விட்டார்கள். மீனை மீன் கடைக்காரரிடமோ வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். செடியையும் நத்தையையும் நன்றாகக் காயவைத்துக் குப்பைப் பையில் கட்டுங்கள். மருந்து ஊற்றிய சரளையும் அதே பையில்தான் போக வேண்டும், காய்கறிப் பாத்திக்கு அல்ல.